ஏழு ஸ்டட், ஒரு போல்ட்

எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் எட்டு ஓட்டைகள். கண்ணாடி ஜாடியில் ஒன்பது போல்ட்டுகள். சின்னவன் அவற்றைச் செய்தித்தாளில் கொட்டி, விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினான்.

"ஒண்ணு உபரி, அண்ணி. அண்ணன் கூட ஒண்ணு வாங்கி வச்சிருக்காரு."

அவளுக்கு அது இடித்தது. அவளோடு வாழ்ந்த மனிதர் எதையும் கூட வாங்குகிறவர் அல்ல. சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தால் அதே பொத்தானைக் கட்டிலுக்கடியில் படுத்துத் தேடி எடுத்து வந்து தைக்கச் சொல்கிறவர்.

வாசலில் வேன் முகப்பைத் திறந்துகொண்டு நின்றது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன். அவர் ஓட்டுவார், அவள் கதவருகே இருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். அவருக்கு முடியாத நாட்களில் அவளே ஓட்டுவதும் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் வேன் மாமா, இவள் வேன் அத்தை. எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் பழைய வார்ப்பிரும்புக் குழாய்த்தொகுதி விரிசல் விட்டு, புகை உள்ளே வர ஆரம்பித்தது. கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைகள் தலை வலிக்கிறது என்றார்கள். ஒரு நாள் ஒரு குட்டிப்பெண் வாந்தி எடுத்தாள். அன்றைக்கே அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

அந்த எஞ்சினுக்கு அந்த உருப்படி எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. தம்பியின் கேட், கிரில் பட்டறையில் உட்கார்ந்து நாலு குழாய்களை வளைத்து, ஒரு இரும்புத் தகட்டில் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்து அவரே ஒரு ஹெட்டர் செய்தார். செய்து வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து வைத்தார். மாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகளின் பெற்றோர் துக்கத்தை மதித்துக் காத்திருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடம் காத்திருக்குமா? திங்கட்கிழமை வேன் வராவிட்டால் எல்லோரும் வேறு வேனுக்கு மாறுவதாகப் பேச்சு. இன்றைக்குச் சனி. வேன் ஓடினால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முகப்பைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஹெட்டு அலுமினியம்மா. அதுவும் கிழம். ஓட்டைக்குள்ள சுத்தி வெட்டின மரையெல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரு மரை போச்சுன்னா, ஒரு போல்ட் உள்ளயே உடைஞ்சதுன்னா, வேற ஹெட்டுக்குக் கடவுள்கிட்டதான் ஆர்டர் குடுக்கணும். என்னை விட்டுடுங்க."

அதனால் மிஞ்சியது சின்னவன். அவருடைய ஒரே தம்பி.

அவளுக்கு ஒரு உறுத்தல் இருந்தது, அதைக் காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு ஒரு வழக்கம். மாட்டப்போகும் உருப்படியின் உருவத்தில் ஒரு அட்டையை வெட்டி, எந்த ஓட்டைக்கு எந்த போல்ட்டோ அதை அட்டையில் அந்தந்த இடத்தில் குத்தி வைப்பார். இதற்கும் அப்படி வைத்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, வீட்டில் செய்ய ஒன்றுமில்லாமல், அவள் அவருடைய மேசையைச் சுத்தம் செய்தாள். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்த அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கி, பக்கத்தில் தகர மூடியில் கிடந்த பழையவற்றோடு சேர்த்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியில் உலர்த்தி, ஜாடியில் போட்டு வைத்தாள். அட்டை குப்பையோடு போயிற்று.

"அதனால என்ன அண்ணி, நல்லாத்தானே இருக்கு. கல்யாணத்துக்குப் போற மாதிரி பளபளன்னு" என்றான் சின்னவன்.

ஜாடியில் போல்ட்டுகள் மட்டும் இல்லை. தலையில்லாமல் இரண்டு பக்கமும் மரை வெட்டிய குட்டைக் கம்பிகள் ஏழு இருந்தன. ஸ்டட் என்பார்கள். அவற்றுக்கு ஏழு பித்தளை நட்டுகளும் இருந்தன.

"இது வேற எதுக்கோ வாங்கினது. பழசுல போல்ட்டுதான இருந்துச்சு" என்று அவற்றை ஒதுக்கினான். பிறகு தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, நகைக்கடைக்காரன் மாதிரி மெதுவாகப் பிரித்தான். கன்னங்கரேலென்று எட்டு போல்ட்டுகள். "பழசோட நீளத்துக்கு அளந்து வாங்கிட்டு வந்தேன். கிரேனுக்குப் போடற சரக்கு. எஞ்சினே போனாலும் இது போகாது."

"எஞ்சின் போகக்கூடாதுன்னுதான தம்பி பார்க்கறோம்."

"அதுக்குத்தான் அண்ணி சொல்றேன், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் அசையாது." ஆயுசு என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் தேடினான்.

அண்ணன் போனதிலிருந்து அவன் இப்படித்தான் இருந்தான். வீட்டில் ஆடிக்கொண்டிருந்த கதவு, குழாய், நாற்காலி எல்லாவற்றையும் வந்து வந்து இறுக்கிக் கொடுத்தான். குளியலறைத் தாழ்ப்பாளை அவன் இறுக்கிய பிறகு அவளால் அதைத் திறக்க முடியவில்லை. சொல்லவும் மனம் வரவில்லை.

புகை கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட் தகட்டை வைத்து, அதன் மேல் ஹெட்டரைப் பொருத்தி, அவள் பிடித்துக்கொண்டாள். அவன் நடு ஓட்டையில் முதல் கறுப்பு போல்ட்டைக் கையால் சுழற்றி ஏற்றினான். சுகமாக ஏறியது. ஸ்பேனர் போட்டான். சில சுற்றுகளில் கெட்டியானது.

"இறுகிடுச்சு" என்றான். "இன்னும் ஒரு அரைச் சுத்து வச்சா உக்காந்துடும்."

அவளுடைய விரல் கேஸ்கெட்டின் ஓரத்தில் இருந்தது. தகடு விரலோடு மெல்ல நகர்ந்தது. மறுபடி தள்ளிப் பார்த்தாள். மறுபடி நகர்ந்தது.

"தம்பி, நிறுத்து. இறுகலை."

"இறுகிடுச்சு அண்ணி. பாருங்க, ஸ்பேனர் அசையவே மாட்டேங்குது."

"ஸ்பேனர் அசையலை. கேஸ்கெட் அசையுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

"அது அப்படித்தான் இருக்கும். கடைசி இழுப்புலதான் கவ்வும். எத்தனை கேட்டு மாட்டியிருக்கேன்." சொல்லிக்கொண்டே ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகினான். கேட் மாட்டுகிறவர்களின் பழக்கம் அது. கை பலம் போதாத இடத்தில் குழாய் போட்டு நெம்புவார்கள். இரும்பும் இரும்பும் மோதும் இடத்தில் யார் அழுதாலும் கவலையில்லை.

அவன் நெம்பினான். எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. எலி கத்துகிற மாதிரி, மெலிதாக.

அவள் ஸ்பேனரின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"கையை எடுங்க அண்ணி. வழுக்கினா விரல் போயிடும்."

"அப்ப நெம்பாத."

"ஒரே ஒரு இழுப்பு."

"இழுக்கணும்னா என் கையோட சேர்த்து இழு."

அவன் முகத்தில் கோபம் ஏறியது. இந்த வீட்டில் யாரும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை, அவள் ஒருபோதும் பேசியதில்லை. குழாயின் நுனியில் அவன் கை இருந்தது, மறுமுனையில் அவள் கை. பிறகு குழாய் தரையில் விழுந்து உருண்டது.

"சரி. கழட்டறேன். உங்க வண்டி, உங்க இஷ்டம்."

அவன் கழற்றினான். வரும்போது அது முரண்டு பிடித்தது. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் இருவரும் மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டார்கள். கடைசியில் போல்ட் முழுசாகக் கையில் வந்தபோது அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். கறுப்பு போல்ட்டின் நுனி மட்டும் வெள்ளியாகத் தேய்ந்து மின்னியது.

"முட்டியிருக்கு" என்றான் மெதுவாக. "அடியில போய் முட்டி நின்னிருக்கு."

அவள் உள்ளே போய் உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவிக்கொண்டு வந்தாள். ஓட்டைக்குள் விட்டு, நின்ற இடத்தில் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து, போல்ட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஹெட்டரின் தகட்டுக் கனத்தைக் கழித்த பிறகும் போல்ட் ஓட்டையைவிட நீளமாக இருந்தது. பழைய வார்ப்பிரும்பின் விளிம்பு ஒரு கட்டைவிரல் கனம். புதிய ஹெட்டரின் தகடு அதில் பாதிகூட இல்லை. பழைய கனத்துக்குச் சரியாக இருந்த நீளம், மெல்லிய தகட்டுக்குப் போனால் மிச்சம் எங்கே போகும்? அடியைத்தான் குத்தும்.

சின்னவன் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டான். "அந்தத் தகட்டை நான்தான் அண்ணி வெட்டிக் குடுத்தேன். என் கையால. அதோட கனம் எனக்குத் தெரியாதா?"

"தெரியும். இப்ப கம்பியைப் பிடி."

எல்லா ஓட்டைகளையும் கம்பி விட்டுப் பார்த்தார்கள். ஏழிலும் கம்பி ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நின்றது. முன்பக்கம் கடைசி ஓட்டையில் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. வெளியே எடுத்தால் நுனி ஈரமாக, துருநிறத்தில் சொட்டியது.

"இது எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி" என்றான் அவன். "இந்த ஓட்டைக்கு அடியே இல்லை. நேரா தண்ணிக்குள்ள போகுது."

அவள் செய்தித்தாளின் மேல் ஜாடியிலிருந்த ஒன்பது போல்ட்டுகளையும் தலைகீழாக, வரிசையாக நிறுத்தினாள். எட்டு ஒரே உயரம். ஒன்று குட்டை. அதன் தலையும் மற்றவற்றைவிடச் சிறியது. அதை எடுத்து முன்பக்க ஓட்டையின் எதிரே பிடித்தாள். அந்த இடத்தில் ஹெட்டரின் குழாய் வளைந்து வந்து ஓட்டையை இடித்துக்கொண்டு போகிறது. பெரிய தலை அங்கே நுழையாது. இந்தச் சின்னத் தலை மயிரிழை இடைவெளியில் நுழைந்தது.

"உபரி இல்லை தம்பி. எட்டும் பழசுலேர்ந்து கழட்டினது. இது ஒண்ணு அவர் புதுசா வாங்கினது. அங்க ஏழு ஸ்டட் இருக்கு. ஏழும் ஒண்ணும்?"

சின்னவன் ஒதுக்கி வைத்த ஸ்டட்டுகளைப் பார்த்தான். அவற்றை இழுத்து அந்தக் குட்டை போல்ட்டின் பக்கத்தில் வைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு விரல்களில் ஒரு நினைவு வந்தது. "அட்டையிலேர்ந்து பிடுங்கும்போது ஒண்ணுல மட்டும் வெள்ளையா என்னவோ அப்பியிருந்துச்சு. அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தேன்."

"தண்ணி கசியாம இருக்கப் போட்டிருப்பாரு." அவன் எழுந்தான். "அது சரி. ஆனா நட்டு பித்தளைங்க அண்ணி. குழாயடியில போடற சமாசாரம். இதை நம்பிப் பதினாலு பிள்ளைங்களை ஏத்தறதா?"

அவள் ஒரு பித்தளை நட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டு பேரும் போல்ட் கடைக்கு நடந்தார்கள்.

கடைக்காரரை ஊரே மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடும். "பெரிசா ஒரு நட்டு குடுங்க" என்று கேட்பவரை வெளியே அனுப்பிவிட்டு அளவோடு வரச் சொல்கிற மனிதர். பித்தளை நட்டைக் கையில் வாங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்காரர் வாங்கினது. பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாரும்மா. என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட நான் இவ்வளவு பார்க்கலை. பார்த்திருக்கலாம்."

"ஏன் பித்தளை?" என்றான் சின்னவன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். இரும்பு நட்டு அந்தச் சூட்டுல ஸ்டட்டோட ஒட்டிக்கும். பின்னால கழட்டினா ஸ்டட்டும் வரும், ஹெட்டோட மரையும் சேர்ந்து வரும். பித்தளை ஒட்டாது. அப்படியே பிடிச்சுக்கிட்டாலும் நட்டுதான் பிளக்கும், ஹெட்டு தப்பிச்சுக்கும். அப்படின்னாரு."

"உடையறதுக்குன்னே பார்த்து வாங்கினாரா?"

"என்னைக்காவது உடையறதுன்னா எது உடையலாம், எது கூடாதுன்னு பார்த்து வாங்கினாரு. நான் கறுப்பு போல்ட்டை விக்கத்தான் பார்த்தேன். அதுலதான்பா லாபம்."

"காலையில எனக்கு வித்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ எதுக்குன்னு சொன்னியா? கேட்டுக்கார ஆளு கறுப்பு போல்ட் கேட்டா, எங்கயோ கோட்டைக்கதவு மாட்டறான்னு நினைச்சேன்." சொல்லிவிட்டு, கேட்காமலேயே ஒரு வெள்ளைப் பசைக் குழாயை எடுத்து அவள் கையில் வைத்தார். "முன்பக்க ஓட்டைக்கு. அவரும் இதைத்தான் எடுத்துட்டுப் போனாரு."

வீட்டுக்கு வந்ததும் சின்னவன் ஸ்பேனரை அவளிடம் நீட்டினான். "நீங்க போடுங்க அண்ணி. என் கை கேட்டுக்குப் பழகின கை. எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியலை."

அவள் ஏழு ஸ்டட்டுகளையும் விரலால் மட்டும் சுழற்றி ஏற்றினாள், தானாக நிற்கும் இடம் வரை. இனி இறுக்குவதெல்லாம் வெளியே நட்டில்தான், ஹெட்டின் மரைக்குள் எதுவும் சுற்றப்போவதில்லை. ஹெட்டரை அவற்றின் மேல் செருகினாள். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. அவன் கேஸ்கெட் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு, "ஆடுது... இன்னும் ஆடுது... ஆடலை" என்று சொல்லிக்கொண்டே வந்தான். குட்டை போல்ட்டுக்கு அவர் பூசியது போலவே வெள்ளைப் பசையை அப்பி, கடைசியில் அதை ஏற்றினாள். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு முன்பக்க ஓட்டையைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. அவள் துடைத்தாள். ஊற்றும்போது சிந்தியதுதான். அதற்குப் பிறகு வரவில்லை.

எஞ்சின் இருமிக்கொண்டே கிளம்பியது. பழைய சீறல் இல்லை. சின்னவன் ஓட்டுனர் இருக்கையில். அவள் பின்னால் போய், எல்லா சன்னல்களையும் ஏற்றிவிட்டு, கடைசி வரிசையில், அந்தக் குட்டிப்பெண் உட்காரும் மூலையில் உட்கார்ந்தாள்.

"பள்ளிக்கூடம் வரைக்கும் போ. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாத."

கடைத்தெரு தாண்டும்போது அவளுக்குத் தலை வலிப்பது போல இருந்தது. காலையிலிருந்து சாப்பிடாதது காரணமா, வெயிலா, இத்தனை நாள் அழாமல் வைத்திருந்ததா, புகையா? மூக்கால் இழுத்துப் பார்த்தாள். இருக்கைத் துணியின் வாசனை, யாரோ சிந்திய ஆரஞ்சுச் சாற்றின் வாசனை. புகை தெரியவில்லை. தெரியாமலே கொல்வதும் அதில் உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"நிறுத்து" என்றாள்.

எஞ்சினை ஓடவிட்டு முகப்பைத் திறந்தார்கள். இருக்கைக்கடியில் ஒரு பிள்ளை விட்டுப் போன சாக்லேட்டின் மெல்லிய தாளைக் கிழித்து, அவள் ஒவ்வொரு இணைப்பின் ஓரமாகவும் பிடித்துப் பார்த்தாள். முதல் குழாய், தாள் அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பித்தளை! நான் அப்பவே சொன்னேன்ல." சின்னவன் முன்னால் பாய்ந்தான். கை ஸ்பேனரைப் பிடுங்கப் போயிற்று. "இப்பவே ஒரு கால் சுத்து வைக்கறேன்."

"சூட்டுல தொடாத. இப்பதான் மரை இன்னும் இளகியிருக்கும். ஆறட்டும்."

"ஆறினா மட்டும்?"

"தெரியலை. ஆறட்டும்."

சாலையோரத்தில் வேனின் நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் எதிர்க்கடையிலிருந்து டீயும் பன்னும் வாங்கி வந்தான். அவள் சாப்பிட்டாள். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"குழாய் வளைக்கறப்ப முழுக்க என்கூடத்தான் இருந்தாரு. ஸ்டட் போடப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீ சிரிச்சிருப்ப. கிரேன் போல்ட்டைக் காட்டியிருப்ப."

"சிரிச்சிருப்பேன்தான்." டீயைக் குடித்தான். "சிரிக்க விட்டிருக்கலாம்."

அவள் எழுந்து போய்க் குழாயில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். உடனே எடுத்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி போனாள். உள்ளங்கையை வைத்துப் பொறுக்க முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் பொறுத்து, ஸ்பேனரை எடுத்தாள். முதல் நட்டு நகரவில்லை, விட்டுவிட்டாள். மூன்றாவது குழாயின் நட்டு கால் சுற்றுக்கு மேலேயே போயிற்று. புதுக் கேஸ்கெட் தகடு சூட்டில் அமுங்கியிருக்கிறது. அதன் பக்கத்து நட்டு ஒரு நூலளவு. மற்றவை அசையவில்லை. ஒவ்வொன்றிலும் கை போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினாள்.

எஞ்சின் மறுபடி கிளம்பியது. தாளை மூன்றாவது குழாயில் பிடித்தாள். சின்னவன் மூச்சு விடாமல் பார்த்தான். தாள் அவள் விரல் நடுக்கத்துக்கு மட்டும் அசைந்தது. மற்ற கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் நின்றது.

பிறகு அதே மூலையில், ஏற்றிய சன்னல்களோடு, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். வேர்த்துக் கொட்டியது. தலை வலிக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் ஓட்டினாள். கதவருகே சின்னவன் நின்றான், பட்டறையை அன்றைக்கு மூடிவிட்டு. பிள்ளைகள் வழக்கம்போலக் கத்தினார்கள். பாதி வழியில் சின்னவன் ஓட்டுனர் இருக்கைக்குப் பின்னால் வந்து குனிந்தான்.

"அண்ணி. கடைசி சீட்டுல அந்தச் சின்னப்பொண்ணு தூங்கறா."

அவள் வேனை ஓரங்கட்டியது அவளுக்கே தெரியாது. இருக்கைகளுக்கு நடுவே, பைகளை மிதித்துக்கொண்டு, பின்னால் போனாள். குழந்தை சன்னலில் சாய்ந்து வாயைத் திறந்தபடி கிடந்தது. கன்னத்தைத் தட்டினாள். அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாப்பா. தலை வலிக்குதா? பாப்பா, அத்தையைப் பாரு."

குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து, மிகுந்த எரிச்சலோடு பார்த்தது.

"வேன்ல தூங்கக்கூடாதா அத்தை?"

"தூங்கலாம்" என்றாள் அவள். "தூங்கு."

எதற்கும் இருக்கட்டும் என்று சன்னலை ஒரு விரற்கடை இறக்கிவிட்டு, முன்னால் போய் வண்டியை எடுத்தாள்.